டொயோட்டா கே எஞ்சினுக்குப் பெட்டியில் வரும் 4-2-1 ஹெடர்: வீட்டு முற்றத்தில் பூட்டுகிறவர்களுக்கு

பெரும்பாலும் பழைய மனிபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாய்) வெடித்துப்போன பிறகுதான் டீஎக்ஸ் கொரோலாக்காரர் ஹெடர் (அதற்குப் பதிலாகப் பூட்டும் மெல்லிய குழாய்த்தொகுதி) தேடத் தொடங்குகிறார். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். பத்து நிமிடத்தில் இரும்பு சூடேறி விரிந்ததும் வெடிப்பு மூடிக்கொள்ளும், சத்தமும் அடங்கிவிடும். அதை டப்பெட் சத்தம் என்று நினைத்து வால்வ் கிளியரன்ஸை மாற்றி மாற்றி வைப்பதிலேயே மாதக்கணக்கு போய்விடும். வார்ப்பிரும்பை முழுதாகச் சூடேற்றி, நிக்கல் கம்பியால் ஒட்டி (வெல்டிங் பண்ணி), மெதுவாக ஆறவிடத் தெரிந்த கை இல்லாவிட்டால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கழற்றிய மனிபோல்ட் கிடைக்கும்தான், ஆனால் அதுவும் இதே வயதுச் சாமான்.

அப்போதுதான் கண்ணில் படுகிறது, பெயர் எதுவும் இல்லாத மட்டைப்பெட்டியில் வரும் இந்த ஹெடர். 4கே (1290 சிசி), 5கே (1486 சிசி) இரண்டுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கிறார்கள். மினுக்கிய துருப்பிடிக்கா உருக்கு, நான்கு குழாய், நடுவில் இரண்டாகி, கடைசியில் ஒன்றாகும். 1979 இல் வந்த 70 வரிசைக் கொரோலாவுக்கும் அதே எஞ்சின் போட்ட டீஎக்ஸ் வேகனுக்கும்தான் இங்கே அதிகம் வாங்குகிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சாமான் மோசமில்லை, ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே பூட்டினால் மூன்று மாதத்தில் ஊதும். ஃபிளாஞ்ச் என்கிற, எஞ்சின் ஹெட்டில் பொருந்தும் தகட்டிலும் தாங்கியிலும் வேலை பாக்கி இருக்கிறது. பட்டறைக்கூலியையும் சேர்த்துத்தான் இதன் விலையைக் கணக்குப் பார்க்க வேண்டும். பழைய மனிபோல்ட் வெடிப்பில்லாமல் இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம். இந்தக் கிழக்கிலங்கைக் கடலோரத்தில் தடித்த வார்ப்பிரும்புக்கு ஈடாக நின்று பிடிக்கும் மெல்லிய குழாய் இன்னும் வரவில்லை.

குழாய்களைச் சேர்த்திருக்கும் முறை சரி. கே எஞ்சினின் தீ வரிசை 1-3-4-2. அதனால் 1ம் 4ம் ஒரு சோடி, 2ம் 3ம் ஒரு சோடி என்று சேர வேண்டும். அப்படிச் சேர்த்தால் ஒரே குழாய்க்குள் வரும் இரண்டு புகைத் துடிப்புகளுக்கு நடுவில் கிராங்க் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிடும், ஒன்றையொன்று முட்டாது. வாங்கும்போது விரலால் தொடர்ந்து பாருங்கள். 1ம் 2ம் சேர்ந்திருந்தால் அதைச் செய்தவருக்கு எஞ்சின் தெரியாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடையில் பலர் காந்தம் வைத்துப் பார்க்கிறார்கள். ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டெயின்லெஸ் என்பது நம்பிக்கை. 304க்கும் காந்தம் ஒட்டாது, அதைவிட மலிவான 201க்கும் ஒட்டாது. உப்புக்காற்றில் 201 சீக்கிரமே பழுப்புப் புள்ளி போடும். நேர்மாறாக, கார்க் கம்பனிகளே எக்ஸோஸ்டுக்கு எடுக்கும் 409க்குக் காந்தம் ஒட்டும். ஆக, காந்தத்தை வீட்டில் வைத்துவிட்டுக் கலிப்பரைக் கொண்டுபோங்கள். குழாயின் சுவர் 1.5 மி.மீ. இருந்தால் வாங்கலாம். 1.2 என்றால் யோசியுங்கள்: சத்தம் தகரமாகக் கேட்கும், ஒட்டு விளிம்பில் வெடிப்பும் சீக்கிரம் வரும். பெட்டியோடு வரும் காஸ்கட் வெறும் தடித்த கடதாசி மாதிரி. அதை அளவு பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, இரும்புத் தகடு உள்ளே வைத்த காஸ்கட் ஒன்று தனியாக வாங்குங்கள். கே எஞ்சினுக்கு இன்டேக்கும் (காபரேட்டரிலிருந்து கலவை உள்ளே போகும் மனிபோல்ட்) எக்ஸோஸ்டும் (புகை வெளியேறும் பக்கம்) சேர்ந்த ஒற்றைக் காஸ்கட்டாகவே கேட்டு வாங்கலாம்.

இனி ஃபிளாஞ்ச். இந்த ஹெடரில் நேரம் போகும் இடம் இதுதான்.

கே எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸோஸ்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் உள்ள ஸ்டட்டுகளில் (ஹெட்டில் முடுக்கிய தலையில்லாப் புரிக்கம்பிகள்) ஒரு தடித்த வாஷர்தான் இரண்டையும் சேர்த்து அமத்துகிறது. வாஷரின் ஒரு பாதி இன்டேக் காதின் (நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு) மேல், மறு பாதி எக்ஸோஸ்ட் காதின் மேல். பழைய இரண்டு வார்ப்பும் ஒரே தடிப்பு என்பதால் வாஷர் மட்டமாக உட்காரும். ஹெடரின் ஃபிளாஞ்ச் அப்படியில்லை, 8 மி.மீ. தகட்டில் வெட்டியது. உங்கள் இன்டேக் காதைக் கலிப்பரில் பிடித்து 11 மி.மீ. வந்தால், வாஷர் 3 மி.மீ. சரிந்து நிற்கும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் பாரம் முழுதும் இன்டேக் பக்கம் போகும், ஹெடர் பக்கம் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். ‘புதுக் காஸ்கட்டும் எரிந்துபோச்சு’ என்று சொல்லி வருகிற கார்களில் காஸ்கட்டை விட்டுவிட்டு முதலில் இந்த வாஷரைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டட்டும் பக்கவாட்டில் வளைந்து ஒருநாள் ஒடியும்.

மாற்று வழி சின்னதுதான். வித்தியாசம் எவ்வளவோ அதே தடிப்பில் ஒரு இரும்பு வாஷரை எடுத்துச் சரிபாதியாக அறுத்து, அந்தப் பாதியை ஹெடர் காதின் மேல் ஒரேயொரு பொட்டு ஒட்டில் பிடிக்கவைக்கலாம். பிறகு மேல்வாஷர் மட்டமாக உட்காரும். லேத் பட்டறையில் படி வைத்த வாஷராகவே செய்து வாங்கினால் இன்னும் சுத்தம், ஆனால் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று மையால் குறித்துவிடுங்கள். தலைகீழாகப் போட்டால் பழைய பிழைதான் இரட்டிப்பாக வரும். மேல்வாஷர் 6 மி.மீ. தடிப்புக்குக் குறையக்கூடாது. கடையில் கிடைக்கும் சாதா வாஷர் இந்தச் சூட்டில் கிண்ணம்போல் குழிந்துவிடும்.

அடுத்தது மட்டம். நான்கு குழாயையும் ஒட்டும்போதே ஃபிளாஞ்ச் வில்லாக வளைந்துவிடுகிறது. நேர்விளிம்புள்ள உருக்குச் சட்டம் ஒன்றை நீளவாக்கில் வைத்து, அடியில் ஃபீலர் தகடு விட்டுப் பாருங்கள். 0.3 மி.மீ. தகடு நுழையாவிட்டால் காஸ்கட் பார்த்துக்கொள்ளும். நுழைந்தால் மேற்பரப்பைச் சீவிக் கொடுக்கும் பட்டறைக்கு அனுப்புங்கள். வீட்டுக் கிறைண்டரால் தேய்க்கிற ஆசை வேண்டாம், மேடு இருந்த இடத்தில் பள்ளம் விழும். சீவிய பிறகு 2க்கும் 3க்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய பாலத்தை ஹாக்சோவால் அறுத்து விடுவது நல்லது. சூட்டில் ஃபிளாஞ்சின் இரண்டு பாதியும் தனித்தனியே விரியும், ஓர ஸ்டட்டுகளை இழுக்காது. அறுக்கப் பயமாக இருக்கும், ஆனால் நல்ல ஹெடர்களைச் செய்பவர்கள் ஆரம்பத்திலேயே அப்படித்தான் தனித்தனியாக வெட்டுகிறார்கள்.

காஸ்கட்டை ஃபிளாஞ்சில் வைத்துத் துளை விளிம்புகளையும் பாருங்கள். குழாயின் உள் ஒட்டு பிதுங்கி நின்றால் அரைவட்ட அரத்தால் தேய்த்து விடலாம். ஹெட்டின் பக்கம் கை வைக்க வேண்டாம், அது அலுமினியம்.

கழற்றும் வேலைக்கு முந்தின இரவே தயாராக வேண்டும். ஏடிஎஃப் எண்ணெயும் (ஓட்டோ கியர்பெட்டி எண்ணெய்) அசிற்றோனும் சரிபாதியாகக் கலந்து ஒவ்வொரு நட்டின் அடியிலும் இரண்டு சொட்டு விடுங்கள். டபிள்யூடி-40ஐ விட இது ஆழமாக இறங்கும். ஆனால் நெருப்புப் பிடிக்கிற சாமான், எஞ்சின் பச்சைத் தண்ணீராக ஆறியிருக்க வேண்டும். மறுநாள் பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் மற்றது.

காரைத் தூக்கும்போது ஒரு ஊர்ப்பிரச்சினை இருக்கிறது. காத்தான்குடி, கல்லடி, கல்முனை, அக்கரைப்பற்று எங்கே பார்த்தாலும் முற்றம் கடல்மணல். நான்கு கால் ஸ்டாண்ட் மணலில் மெல்ல மெல்லப் புதையும், ஒரு கால் மட்டும் முதலில் புதையும். இரண்டு அங்குலத் தடிப்புப் பலகையை, குறைந்தது ஒன்றரை அடி சதுரமாக, ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே போடுங்கள். ஜக்குக்கும் தனிப்பலகை வேண்டும். ஏற்றிய பிறகு காரைப் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுப்பது இங்கே சர்வசாதாரணமாக நடக்கிறது. அந்தக் கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உடையும்.

காபரேட்டரைத் தனியாகக் கழற்ற வேண்டியதில்லை, இன்டேக்கோடு சேர்த்தே வெளியே எடுக்கலாம். வக்கூம் குழாய்கள் ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போடுங்கள், அது போகும் முனையிலும் அதே எண். பெற்றோல் குழாயைப் பொருத்தமான போல்ட்டால் அடையுங்கள். இன்டேக் துளைகளில் துணி அடைக்கும்போது எத்தனை துண்டு என்று எண்ணி வையுங்கள், பூட்டும்போது அத்தனையும் கையில் வர வேண்டும்.

மனிபோல்ட் நட்டுகளுக்கு 12 சாவி, ஆறுமூலை சொக்கட்தான். பன்னிரண்டு மூலை சொக்கட் துருப்பிடித்த நட்டின் மூலையை மழித்துவிடும். கால் சுற்றுக் கழற்றி, அரைக்கால் சுற்றுத் திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்தால் நல்லதுதான், புது ஸ்டட் போடலாம். ஒடிந்தால் இழுத்துப் பிடித்துத் துளைக்கத் தொடங்காதீர்கள். வெளியே கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளால் ஒட்டி, ஒட்டின சூடு இறங்கும்போதே மெதுவாகத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். மட்டமாக ஒடிந்தால் நடுவில் சரியாகப் பொட்டுக் குத்திச் சிறிய துளையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மி.மீ. விலகினாலும் அலுமினியப் புரி போய்விடும், பிறகு ஹெலிகொயில்தான் (புரிக்குப் பதிலாக உள்ளே போடும் கம்பிச்சுருள்) கதி. புது ஸ்டட் 8 மி.மீ., 1.25 புரி. ஹெட் பக்கத்துக்குச் செம்புப் பசை கொஞ்சம் தடவிக் கையால் முடுக்கினால் போதும். நட்டுக்குச் செம்பு பூசியது அல்லது பித்தளை. இரும்பு நட்டைப் போட்டால் அடுத்த முறை கழற்றுகிறவர் திட்டுவார்.

இன்டேக்கின் அடிப்பகுதி பழைய எக்ஸோஸ்ட் மனிபோல்ட்டின் மேல் உட்கார்ந்து சூடு வாங்கிக்கொண்டிருந்தது. குளிர்ந்த பெற்றோல் ஆவியாவதற்கு வைத்த ஏற்பாடு அது. ஹெடரோடு அது போய்விடுகிறது. இன்டேக்கின் அடியில் வாய் திறந்திருந்தால் 3 மி.மீ. தகடு வெட்டி, காஸ்கட்டோடு மூடுங்கள். இந்தச் சூடு இல்லாத குறை நம் ஊரில் தெரியாது. மார்கழி மழையில் சோக் ஒரு நிமிடம் கூட இழுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். விடியக்காலையில் செங்கலடி சந்தியால் திரும்பிப் பதுளை வீதியில் மலையேறுகிறவர்களுக்கு, மேலே குளிர் பிடிக்கும் இடத்தில் எஞ்சின் கொஞ்சம் திக்கும்.

இங்கே தலையிடி தருவது நேர்மாறானது, கூடிப்போகும் சூடு. நான்கு மெல்லிய குழாயும் காபரேட்டருக்கு நேர் கீழே கிடந்து எரிகின்றன. நடுப்பகல் வெயிலில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் வந்து ஸ்டார்ட் பண்ணினால் வராது. காபரேட்டர்க் கிண்ணத்தில் பெற்றோல் கொதித்து வழிந்து பிளக் நனைந்திருக்கும். இதற்கு இன்டேக்குக்கும் ஹெடருக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தகடு கட்டாயம் வேண்டும். 1.5 மி.மீ. போதும், இரண்டு பக்கமும் தொடாமல் ஒரு விரல் காற்று இடைவெளி இருக்க வேண்டும். காபரேட்டருக்குக் கீழே உள்ள கறுப்புச் சூடுதடைக் கட்டையும் வெடிக்காமல் இருக்கிறதா பாருங்கள். பெட்டிக்குள் இந்தத் தகடு வராதது இந்தச் சாமானின் இரண்டாவது பெரிய குறை.

பூட்டும்போது காஸ்கட் உலர்ந்தபடியே போக வேண்டும். சிலிக்கன் பசை எக்ஸோஸ்ட் பக்கம் எரிந்து பொடியாகி, அந்த இடைவெளியே லீக்காகும். ஹெடரை முதலில் தொங்கவிட்டு, இன்டேக்கை அதன்மேல் கொண்டுவந்து, எல்லா நட்டையும் கையால் பிடிக்கவையுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, முதல் சுற்று 12 நியூட்டன் மீற்றர், இரண்டாம் சுற்று 22. இதற்கு மேல் இறுக்கினால் அலுமினியப் புரி போகக்கூடும். முடிந்ததும் குழாய்களைச் சுற்றிக் கைவிட்டுப் பாருங்கள். இரும்புக்கு 15 மி.மீ., வயருக்கும் ரப்பர்க் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் 50 மி.மீ. இடைவெளி வேண்டும். எஞ்சின் அசையும் என்பதை மறந்துவிடாதீர்கள்: ஹேண்ட்பிரேக்கை இழுத்துவைத்து, ஒருவர் கிளச்சைக் கொஞ்சம் விட, மற்றவர் பக்கத்தில் நின்று பார்த்தால் எவ்வளவு சாய்கிறது என்று தெரியும்.

கீழ்முனையில் மூன்று 10 மி.மீ. போல்ட்டு ஃபிளாஞ்ச் வருகிறது. பழைய முன்குழாய் இதற்குப் பொருந்தாது, அறுத்து அந்த ஃபிளாஞ்சை ஒட்ட வேண்டும். காரிலேயே வைத்து இடம் குறித்து, பொட்டு ஒட்டுப் போட்டு, கழற்றி முழுதாக ஒட்டுவதே முறை. காரில் வைத்து ஆர்க் வெல்டிங் பண்ணினால் பெட்டரியையும் ஓல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள்.

ஹெடர் வெடிக்கிற காரணத்துக்கு வருவோம். பழைய முன்குழாயை கியர்பெட்டிப் பக்கம் ஒரு தாங்கி பிடித்திருந்தது. ஹெடரைப் பூட்டுகிறவர்கள் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பிறகு சைலன்சர்க் குழாயின் பாரம் முழுதும், எஞ்சின் ஆடும்போதெல்லாம், நான்கும் ஒன்றாகும் அந்த ஒட்டில் வந்து தொங்குகிறது. வெடிப்பு எப்போதும் அந்த ஒட்டின் விளிம்பில்தான் விழும், ஒட்டின் மேல் அல்ல. ‘மட்டமான வெல்டிங்’ என்று சாமானுக்குப் பழி போகும். 3 மி.மீ. பட்டையில் ஒரு தாங்கி செய்து, கியர்பெட்டிப் போல்ட்டு ஒன்றில் பிடித்து, குழாயை வளையத்தால் கட்டுங்கள். உடற்தகட்டில் பிடிக்கக்கூடாது, எஞ்சினோடு சேர்ந்து ஆடுகிற இடத்தில்தான் பிடிக்க வேண்டும். கீழ் ஃபிளாஞ்ச் பழைய குழாயை விடத் தாழ்ந்து நிற்கும் என்பதால், பூட்டிய பிறகு வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றி இறக்கி உரசுகிறதா பார்த்துவிடுங்கள். அந்த மூன்று போல்ட்டின் தலையும் பின்பக்கம் பார்க்கும்படி போடாதீர்கள். தலை முன்னால் இருந்தால் கல் பட்டாலும் புரி தப்பும்.

முதல் ஸ்டார்ட் வெளியில்தான். குழாயில் இருந்த எண்ணெய் எரிந்து இருபது நிமிடம் வரை புகை வரும், பயப்பட ஒன்றுமில்லை. லீக் பார்க்க ஊதுபத்தியை விடச் சிறந்த கருவி இல்லை: ஃபிளாஞ்சின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனால், ஊதும் இடத்தில் புகை தட்டுப்பட்டு விலகும். இன்டேக் பக்கம் ஊதுபத்தியோ பெற்றோல் ஸ்ப்ரேயோ வேண்டாம். தண்ணீர் ஸ்ப்ரே அடித்து ஐட்லிங் மாறுகிறதா என்று பார்த்தால் போதும். எஞ்சின் முழுதாக ஆறியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும், பிறகு 100 கி.மீ., 500 கி.மீ. முடிவில் ஒருமுறை. முதல் தடவை கால் சுற்று வரை போவது வழமை.

காபரேட்டரை உடனே தொடாதீர்கள். 200 கி.மீ. ஓட்டிவிட்டு நான்கு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். 92 பெற்றோலில் இளம்பழுப்பு நல்லது. வெள்ளை வெளேர் என்றிருந்தால் கலவை குறைவு, மெயின் ஜெட் ஒரு அளவு கூட்ட வேண்டும். கால் எடுக்கும்போது ‘பட் பட்’ என்று பின்னால் வெடித்தால் ஜெட்டை விட்டுவிட்டு லீக்கைத் தேடுங்கள், வெளிக்காற்று உள்ளே போகிறது. வருட லைசென்ஸுக்குப் புகைப்பரிசோதனைக்குப் போகும்போதும் அதே லீக் அளவைக் குழப்பும். சைலன்சரைப் பழையபடியே விடுங்கள். ஹெடர் மட்டும் மாற்றினால் வெளிச்சத்தம் பெரிதாக மாறாது, பொலிஸ் சத்தச் சைலன்சர் பிடிக்கும்போது உங்களைத் தேட வேண்டியும் இருக்காது. வேகத்தைப் பற்றிக் கேட்டால், நடுச் சுற்றில் கொஞ்சம் இலகுவாக இழுக்கும். வேகனில் ஐந்து பேரோடு ஏறும்போதுதான் அதுவும் தெரியும்.

கடைசியாக, சூட்டை மறைக்க ஹெடரில் சுற்றும் துணி நாடா. பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஓடுகிற காருக்குச் சுற்ற வேண்டாம். உப்பு ஈரத்தைக் குடித்துக்கொண்டு குழாயோடு ஒட்டிக் கிடக்கும், அடியில் துரு தின்பதும் வெளியே தெரியாது. சூடு தாங்கும் 600 பாகை பெயின்ற் இரண்டு பூச்சு அடித்து, ஒட்டு இடங்களில் மூன்றாவது பூச்சும் போட்டால் போதும். மழைக்காலத்தில் வீதியில் வெள்ளம் நிற்கும்போது சூடான ஹெடரோடு இறங்க நேர்ந்தால், கரையேறியதும் வீட்டில் நல்ல தண்ணீரால் அடியைக் கழுவிவிடுங்கள், ஆறிய பிறகு.

பழைய மனிபோல்ட்டை இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெடித்ததாக இருந்தாலும் அதன் ஃபிளாஞ்ச்தான் அடுத்த ஹெடருக்கு அச்சு, அதன் தடித்த வாஷர்களும் இப்போது கடையில் தனியாகக் கிடைப்பதில்லை.